படம் வந்தாச்சு

டிவிக்கு செட்டாப் பெட்டி மாட்ட, பெட்டிக்காரர் காலை பத்து மணிக்கு வந்தார். பதினொன்றுக்குள் வேலை முடிந்துவிட்டது. "படம் வந்தாச்சு!" என்று கத்தினார். "அடேயப்பா, என்னா தெளிவு!" என்றான் அண்ணன். "முகத்துல இருக்கற பரு கூடத் தெரியுதுங்க" என்றாள் அண்ணி. மூன்று பேரும் தொலைக்காட்சிக்கு முன்னால் நின்றபடி சேனல் சேனலாக மாற்றிப் பத்து நிமிடம் வியந்து தீர்த்தார்கள். பிறகு அண்ணன் ரிமோட்டை வீட்டுக்காரியான தங்கையின் கையில் வைத்து, அவள் விரல்களைத் தானே மடக்கி மூடிவிட்டு, "இனிமே ஜாலிதான் குட்டி, உக்காந்து பாரு" என்று சொல்லிப் படியிறங்கினான்.

வீட்டுக்காரி உட்கார்ந்தாள். நாலு வயதில் வந்த காய்ச்சலிலிருந்து அவளுக்குக் கண் தெரியாது.

சத்தம் வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை. புதுப் பெட்டி, சூடாக நேரம் எடுக்கும்போல என்று நினைத்தாள். கால் மணி நேரம் போனது. எழுந்து போய் டிவியின் சத்தத்தைக் கடைசிவரை கூட்டினாள். அப்போதும் மூச்சுப் பேச்சில்லை. ரிமோட்டில் தட்டுப்பட்டதையெல்லாம் அமுக்கினாள். நாற்பத்துநாலு பட்டன்கள், எல்லாம் ஒரே மாதிரி குட்டிக் குட்டி ரப்பர் மொட்டுகள். எதை அமுக்கினாலும் அதே ஊமை நிசப்தம். கடைசியில் எதிர்வீட்டுக் கதவைத் தட்டினாள்.

எதிர்வீட்டில் இருப்பவள் தையல்காரி. கழுத்தில் அளவு நாடாவோடு வந்து பார்த்துவிட்டு, "ஐயோ, சத்தத்தை அடைச்சு வச்சிருக்காங்கக்கா" என்று ஒரு பட்டனை அமுக்கினாள். அவ்வளவுதான். ஒரு பற்பசை விளம்பரம் நாலு மாடிக்கும் கேட்கிறமாதிரி வெடித்தது. மேல்மாடியில் குழந்தை வீறிட்டது. யாரோ ஜன்னலைத் திறந்து திட்டினார்கள். விஷயம் இதுதான்: சேனல் தேடும்போது இரைச்சலாக இருக்கிறதென்று பெட்டிக்காரர் சத்தத்தை அடைத்திருந்தார். திறக்க மறந்துபோனார். ஆறு கண்கள் பத்து நிமிடம் அந்தப் பெட்டியைப் பார்த்தன. ஆறு காதுகளில் ஒன்றுக்கும் உறைக்கவில்லை.

கண் தெரியாதவளுக்குப் படத்தை மட்டும் கொண்டுவந்து கொடுத்துவிட்டு மனநிறைவோடு வீட்டுக்குப் போகிற சாமர்த்தியம் கண்ணுள்ளவர்களுக்கு மட்டும்தான் வரும்.

அவளை எல்லோரும் ஆபரேட்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் முப்பத்தொரு வருடமாக டெலிபோன் ஆபரேட்டர். முன்னூற்று நாற்பது எக்ஸ்டென்ஷன்களும் மனப்பாடம். பிரசவ வார்டு எது, பிணவறை எது என்று டாக்டர்களே தடுமாறுகிற நேரத்தில் அவள் தடுமாறியதில்லை. மருந்துக்கடைக்காரர் "ஹலோ" சொல்லும் விதத்திலேயே இன்று அவர் வீட்டில் சண்டையா சமாதானமா என்று கண்டுபிடித்துவிடுவாள். ஏழு வருடத்துக்கு முன்பு பழைய டெலிபோன் போர்டை எடுத்துவிட்டு, தொடுதிரை வைத்த புது போர்டைக் கொண்டுவந்தார்கள். "நீங்க வேணும்னா வரவேற்புல சும்மா உக்காந்திருங்கம்மா, சம்பளம் குறையாது" என்றார் மேலாளர். "சும்மா உக்கார்ற வேலை எனக்குத் தெரியாது சார்" என்று சொல்லி, பட்டன் வைத்த போர்டு ஒன்று வந்து சேரும்வரை நாலு மாதம் அவரைத் தினமும் போனில் துளைத்தெடுத்தாள். போர்டு வந்தது. மேலாளர் வேறு ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டார்.

வீடு இரண்டாம் மாடியில் இரண்டு அறை. அம்மாவோடு இருந்தாள். அம்மா போய் மூன்று வருடம் ஆகிறது. அதன் பிறகு தனியாக இருக்கிறாள். சமையல், துணி, கடைக்குப் போவது, மாடிப்படி, பஸ் எல்லாம் அவளேதான். நாலரைக்கு வேலை முடிந்து வருவாள். கதவைத் திறந்தவுடன் செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே கை போய் டிவியின் மூன்றாவது பட்டனைத் தட்டும். பழைய டிவி அது. முகப்பில் வரிசையாக எட்டுப் பட்டன், ஒவ்வொன்றும் பல்லைக் கடித்த மாதிரி 'டக்'கென்று உள்ளே போகும். இரண்டைத் தட்டினால் செய்தி, மூன்று நாடகம், ஐந்து பழைய பாட்டு, ஏழு மேட்ச். டிவி கேட்கிறேன் என்று அவள் ஒரு நாளும் சொன்னதில்லை. பார்க்கிறேன் என்றுதான் சொல்வாள். யாராவது சிரித்தால், "நீங்க வெங்காயம் உரிச்சுக்கிட்டே பாக்கறீங்களே, அது மட்டும் பாக்கறதா?" என்று கேட்பாள்.

பழைய சிக்னல் இனிமேல் கிடையாது, எல்லாம் டிஜிட்டல் என்று அரசாங்கம் தேதி குறித்தது. அந்தத் தேதியில் எட்டுப் பட்டனும் சேர்ந்து 'உஸ்' என்றன. எதைத் தட்டினாலும் கொதிக்கிற தண்ணீர்ச் சத்தம்தான். அதற்குத்தான் அண்ணன் மறுநாளே இந்தப் பெட்டியோடு வந்து நின்றான்.

அண்ணன் கெட்டவன் இல்லை. அலுமினிய ஜன்னல் செய்கிற பட்டறை வைத்திருக்கிறான். இரைச்சலுக்கு நடுவே வேலை செய்து செய்து வீட்டிலும் கத்தித்தான் பேசுவான். தங்கை மேல் உயிர். அதுதான் தொல்லையும். அந்த உயிரை வைத்துக்கொண்டு அவன் அவளை மூச்சு முட்ட வைத்துவிடுவான்.

பெட்டி வந்த எட்டு நாளில் அவனை நாலு தடவை கூப்பிட வேண்டிவந்தது. ஒரு பட்டன் தவறினால் போதும், அந்தப் பெட்டி வாயைத் திறக்காமல் எங்கேயோ போய் உட்கார்ந்துகொள்ளும். திரையில் என்னென்னவோ பட்டியல் வருமாம், அதில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டுமாம். பட்டியல் பேசாது. முதல் தடவை வந்தபோது அண்ணன் அலுத்துக்கொண்டான். இரண்டாவது தடவை சிரித்தான். மூன்றாவது தடவை ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் அவளுக்குச் சுருக்கென்று தைத்தது. நாலாவது தடவை பெட்டியைச் சரிசெய்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். பக்கத்தில் அண்ணி.

"குட்டி, எங்க வீட்டுப் பின் ரூமுக்குப் பெயின்ட் அடிச்சாச்சு."

"எதுக்கு?"

"உனக்குத்தான். போதும், வந்துடு. இன்னிக்கு டிவி. நாளைக்கு லிஃப்ட், நாளன்னிக்கு அடுப்பு. எல்லாம் கண்ணாடி மாதிரி வழவழன்னு வரப்போகுது. ஒவ்வொண்ணுக்கும் ஆள் கூப்பிட்டுக்கிட்டே இருப்பியா?"

"கூப்பிட்டது தப்புன்னா இனிமே கூப்பிடல."

"தப்புன்னு யார் சொன்னா? எனக்கு நிம்மதியே இல்லம்மா. போன் அடிச்சாலே பகீருங்குது."

அவன் சொன்னதில் பொய் இல்லை என்று அவளுக்குத் தெரியும். குரலை வைத்துப் பொய் கண்டுபிடிப்பதுதானே அவள் பிழைப்பு. ஆனால் அந்தப் பின் அறையும் அவளுக்குத் தெரியும். அம்மா போன பிறகு பத்து நாள் அங்கே இருந்தாள். அந்தப் பத்து நாளும் அவள் ஒரு டம்ளர் கூடக் கழுவவில்லை. கழுவ விடவில்லை. காபி கையில் வந்தது, தட்டு மடிக்கு வந்தது, பாத்ரூமுக்குப் போக எழுந்தால் யாராவது முழங்கையைப் பிடித்தார்கள். நாற்காலிகள் நாளுக்கொரு இடத்தில் இருந்தன. "அத்தைக்கு வழி விடு" என்று குழந்தைகளை விரட்டினார்கள். அன்பில் ஒரு குறையும் இல்லை. பதினோராம் நாள் தன் வீட்டுப் பூட்டில் தானே சாவியைத் திருகி உள்ளே போய், முதல் வேலையாக ஒரு டம்ளரைக் கழுவி வைத்தாள். இன்னும் பத்து நாள் இருந்திருந்தால் எழுந்து நிற்கவே மறந்திருப்போம் என்று நினைத்தாள்.

"ஒரு மாசம் குடு" என்றாள்.

"எதுக்கு?"

"இந்தப் பெட்டியை நானே ஓட்டிக் காட்டறேன். எந்தச் சேனல் கேட்டாலும் போடறேன். வேற யார் கையும் பெட்டியில படாது. ஓட்டலைன்னா நானே சாமான் கட்டறேன்."

"வீம்பு பண்ணாத குட்டி."

"வீம்புதான். ஒத்துக்கறியா இல்லையா?"

அண்ணன் பெருமூச்சு விட்டான். "சரி. ஒரு மாசம். நாலாவது ஞாயித்துக்கிழமை வரேன். அப்புறம் பேச்சு மாறக் கூடாது."

கோபத்தில் வாயை விட்டுவிட்டாள். அவர்கள் போன பிறகு ரிமோட்டை எடுத்துத் தடவியபோதுதான் உறைத்தது. ஒரு ரப்பர் மொட்டுக் கூட்டத்தை நம்பி வீட்டையே பணயம் வைத்திருக்கிறாள்.

மறுநாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் பெட்டிக் கம்பெனியின் உதவி எண்ணுக்கு போன் போட்டாள். பாட்டு, காத்திருங்கள், மறுபடி பாட்டு. பிறகு ஓர் ஆண் குரல்.

"எனக்குக் கண் தெரியாதுங்க. ரிமோட்ல எந்தப் பட்டன் எங்க இருக்குன்னு சொல்லணும்."

"நிச்சயமா மேடம். இப்ப ஸ்கிரீன்ல என்ன தெரியுதுன்னு சொல்லுங்க."

"கண் தெரியாதுன்னு இப்பதான் சொன்னேன்."

"சரிங்க மேடம். மேல இடது பக்கம் நீலக் கலர்ல ஒரு கட்டம் தெரியும் பாருங்க."

வைத்துவிட்டாள். அடுத்த நாள் வேறொருவர். "வீட்ல பெரியவங்க யாராவது இருந்தா போனைக் குடுங்களேன்" என்றார். "எனக்கு அம்பத்திரண்டு வயசு. இந்த வீட்டுக்குப் பெரியவ நான்தான்" என்றாள். மூன்றாம் நாள் வந்தவர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். கடைசியில், "படம் வரலைன்னு உங்க புகாரைப் பதிவு பண்ணிட்டேன் மேடம்" என்றார். அவள் நன்றி சொல்லி வைத்துவிட்டாள்.

ஆறாம் நாள் ஒரு பெண் குரல் வந்தது. பின்னணியில் நாற்பது ஐம்பது குரல்கள் ஒரே வாக்கியத்தைச் சொல்லிக்கொண்டிருந்தன. அந்தப் பெண்ணின் தொண்டை கரகரத்தது. அந்தக் கரகரப்பை ஆபரேட்டருக்கு நன்றாகத் தெரியும். காலையிலிருந்து தண்ணீர் குடிக்காத தொண்டை அது.

"இன்னிக்கு எத்தனாவது கால்மா இது?"

"எழுபத்தி... ஏன் மேடம் கேக்கறீங்க?"

"நானும் போர்டுலதான் உக்காந்திருக்கேன். முப்பத்தொரு வருஷமா. முதல்ல தண்ணி குடி. நான் லைன்லயே இருக்கேன்."

அந்தப் பக்கம் பாட்டில் மூடி திறக்கும் சத்தம் கேட்டது. திரும்பி வந்த குரலில் மேடம் போய்விட்டது.

"சொல்லுங்கக்கா."

சொன்னாள். பெட்டி, அண்ணன், பின் அறை, நாலாவது ஞாயிறு, எல்லாவற்றையும் சொன்னாள். "ஐயோ" என்றாள் அந்தப் பெண். "எங்களுக்கு ஒரு காலுக்கு ஆறு நிமிஷம்தான்க்கா. மேல போனா சூப்பர்வைசர் வந்து பின்னாடி நிப்பார்."

"ஆறு ஆறு நிமிஷமா சொல்லு. நான் தினமும் கூப்பிடறேன்."

"எனக்கே வரும்னு சொல்ல முடியாதுக்கா. யாருக்கு வேணா போகும்."

"உன் சீட்டுக்கு ஒரு நம்பர் இருக்குமே?"

"அதை வெளியில சொல்லக் கூடாது."

ஆபரேட்டர் ஒன்றும் கேட்கவில்லை. எந்த இடத்தில் பேசாமல் இருக்க வேண்டும் என்பதும் அந்தத் தொழிலில் ஒரு பாடம்.

"நாலு ஏழு ஒண்ணு" என்றது குரல், மெதுவாக.

அதன் பிறகு ஒன்பது நாள். மதியம் ஒன்றேகாலுக்கு நாலு ஏழு ஒண்ணு, ஆறு நிமிடம். முதல் நாளே அந்தப் பெண் ஒரு காரியம் செய்தாள். மேசையில் இருந்த ரிமோட்டைக் கையில் எடுத்துக் கண்ணை மூடிக்கொண்டாள். "இருங்கக்கா, நானும் தடவிப் பாக்கறேன். அக்கா! அஞ்சாம் நம்பர் மேல சின்னதா ஒரு புள்ளி மாதிரி இருக்கு! ரெண்டு வருஷமா இதைக் கையில வச்சிருக்கேன், இன்னிக்குத்தான் தெரியுது." அந்தப் புள்ளி ஆபரேட்டர் விரலுக்கும் கிடைத்தது. அது கிடைத்துவிட்டால் போதும். மேலே ஒன்று இரண்டு மூன்று, கீழே ஏழு எட்டு ஒன்பது. டெலிபோன் மாதிரியேதான். சேனல் என்பது மூன்று இலக்க எண், அதாவது ஓர் எக்ஸ்டென்ஷன். பட்டியலுக்குள்ளேயே நுழைய வேண்டாம், எண்ணை நேராக அமுக்கினால் சேனல் வந்து நிற்கும். முன்னூற்று நாற்பது எக்ஸ்டென்ஷனைத் தலைக்குள் வைத்திருப்பவளுக்கு எழுபது சேனல் எந்த மூலைக்கு? இருந்தாலும் பிரெயில் புள்ளி எழுத்தில் எழுதி வைத்துக்கொண்டாள். அம்பத்திரண்டு வயது மூளையை அவள் முழுதாக நம்புவதில்லை.

மிச்சம் இருந்தது வேண்டாத பட்டன்களின் தொல்லை. கை தவறிப் பட்டால் பெட்டி மறுபடி ஊமையாகிவிடும். மருந்து வருகிற கெட்டி அட்டையை வெட்டி ரிமோட்டுக்கு ஒரு சட்டை போட்டாள். எண்களுக்கும், சத்தத்துக்கும், ஆன் பண்ணுகிற பட்டனுக்கும் மட்டும் ஜன்னல். மற்ற எல்லாவற்றின் மேலும் ஆஸ்பத்திரி பிளாஸ்திரியை இழுத்து ஒட்டினாள். தையல்காரி பார்த்துவிட்டு, "ரிமோட்டுக்கு ஆபரேஷன் ஆனமாதிரி இருக்குக்கா" என்றாள். அன்று சாயங்காலம் நாடகம், செய்தி, பாட்டு, மேட்ச் என்று வரிசையாகப் போட்டுப் போட்டு மாற்றினாள். ஒரு தடவை கூடத் தவறவில்லை. தனக்குத்தானே காபி போட்டுக்கொண்டு உட்கார்ந்து இரண்டு நாடகம் பார்த்தாள்.

மூன்றாவது ஞாயிறு தாண்டி, புதன்கிழமை. வேலை விட்டு வந்து 304 அமுக்கினாள். நாடகம் வரவில்லை. செய்தி வரவில்லை. எதுவும் வரவில்லை. பெட்டியை அணைத்துப் போட்டாள். பின்னால் போய், டிவிக்குப் போகிற இரண்டு வயரையும் பிடுங்கிச் செருகினாள். ஊமை. உதவி எண்ணுக்குப் போட்டாள். 471 இன்று விடுப்பு. வேறு குரல் வந்து, "ஸ்கிரீன்ல என்ன தெரியுது மேடம்?" என்று கேட்டது.

போனை வைத்துவிட்டு அழுதாள். துக்கத்தில் இல்லை, ஆத்திரத்தில் அழுதாள். எதிரே இருக்கிறது அது, தடவினால் கைக்குக் கிடைக்கிறது, ஆனால் என்ன கேட்கிறது என்று மட்டும் சொல்லாது. கண்ணுள்ளவர்களிடம் மட்டும் ரகசியம் பேசுகிறது. அவளுக்கு அந்தப் பின் அறையின் பெயின்ட் வாசனை மூக்குக்கு வந்த மாதிரி இருந்தது.

தையல்காரி வாசலில் நின்றாள். "அக்கா, ஏதோ ஒரு கட்டம் வந்திருக்கு. 'சரி'ன்னு அமுக்கச் சொல்லுது. நான் அமுக்கிட்டுப் போயிடறேன். யாருக்குத் தெரியப் போகுது?"

"எனக்குத் தெரியும்."

"அண்ணன்கிட்ட நான் சொல்ல மாட்டேன்க்கா."

"அண்ணனுக்காக இல்லடி. இன்னிக்கு நீ அமுக்கினா நாளைக்கும் நீதான் வரணும். நீ ஊருக்குப் போனா?" அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "படிச்சுச் சொன்னியே, அது போதும். அமுக்கறதுக்கு எனக்கு விரல் இருக்கு."

ஆனால் அந்தச் 'சரி' எங்கே? பிளாஸ்திரிக்கு அடியில். முப்பதில் ஏதோ ஒன்று. குத்துமதிப்பாக அமுக்கி இன்னும் ஆழமான குழியில் விழ அவள் தயாராக இல்லை. மறுநாள் ஒன்றேகால்வரை பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாள்.

"புது அப்டேட்க்கா!" என்றாள் 471. "எல்லாப் பெட்டியும் அப்படித்தான் நிக்குது. எங்க வீட்டுப் பெட்டியும்தான். எங்கம்மா என்னைத் திட்டித் தீத்துட்டாங்க. அம்புக்குறி நாலுக்கும் நடுவுல வட்டமா ஒண்ணு இருக்கும், அதான் 'சரி'. இனிமே எப்ப ஊமையானாலும் அதை ரெண்டு தடவை அமுக்குங்க. அப்பவும் வரலைன்னா பிளக்கைப் பிடுங்கி அறுபது எண்ணிட்டுப் போடுங்க. இது எங்க ட்ரெயினிங்லயே கிடையாது, நானாக் கண்டுபிடிச்சது."

வீட்டுக்கு வந்து பிளாஸ்திரியில் ஒரு வட்ட ஓட்டை போட்டாள். இரண்டு தடவை அமுக்கினாள். செய்தி வாசிக்கிறவர் பாதி வாக்கியத்திலிருந்து ஆரம்பித்தார், ஒன்றுமே நடக்காதவர் போல. ஆபரேட்டர் அந்த ஆளை வாய்விட்டுத் திட்டினாள்.

நேற்றுப் பிடுங்கிச் செருகிய வயர்கள் இறுக்கமாக இருக்கின்றனவா என்று பார்க்கப் பின்னால் கையை விட்டாள். ஒன்று லொடலொட என்றிருந்தது. தொட்டதும் கையோடு வந்துவிட்டது. போச்சு என்று நின்றாள். போகவில்லை. செய்தி ஓடிக்கொண்டுதான் இருந்தது. எங்கேயோ மழை, எங்கேயோ சாலை மறியல். வயரைச் செருகினாள். ஒரு மாற்றமும் இல்லை. மறுபடி பிடுங்கினாள். மாற்றம் இல்லை. அப்புறம்தான் புரிந்தது. எதைப் பிடுங்கினால் தனக்கு ஒன்றுமே குறையவில்லையோ, அதுதான் படம்.

அந்த வயரைக் கையில் பிடித்துக்கொண்டு தனியாக நின்று சிரித்தாள். இந்த ஒரு முழ வயரைத்தான் பத்து நிமிடம் சுற்றி நின்று வியந்தார்கள். பட்டியல்களை இது படமாக மட்டும் கொண்டுபோனதால்தான் அவளைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று முடிவு கட்டினார்கள். பாவம், வயர் என்ன செய்யும்?

வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரி எலக்ட்ரீஷியனிடம், "பெட்டியில இருந்து நேரா ஸ்பீக்கருக்குப் போற மாதிரி ஒரு வயர் பண்ணித் தர முடியுமா?" என்று கேட்டாள். மதியத்துக்குள் கொடுத்துவிட்டார். மாட்டியது அவளேதான். புத்தகம் கேட்க வைத்திருந்த ஸ்பீக்கர், சின்னதாக இருந்தாலும் கணீரென்று இருக்கும். சனிக்கிழமை இரண்டு வார்டு உதவியாளர்கள் வந்து டிவியைக் கீழே இறக்கினார்கள். ஆஸ்பத்திரி செக்யூரிட்டி அறைக்கு ஒரு டிவி வேண்டுமாம். "நெசமாவே குடுத்துடறீங்களாம்மா?" என்று மூன்று தடவை கேட்டார்கள். "தூக்குங்கப்பா, மனசு மாறறதுக்குள்ள" என்றாள். மனசு மாறுகிற ஆள் இல்லை, சும்மா சொன்னாள். டிவி இருந்த மேசை காலியானது. இத்தனை வருடம் கட்டில் மேல் வைத்து இடுப்பொடிய அடித்துக்கொண்டிருந்த பிரெயில் மெஷினுக்கு இப்போதுதான் ஓர் இடம் கிடைத்தது.

நாலாவது ஞாயிறு அண்ணன் வந்தான். கூடவே அண்ணி. கூடவே நாலு காலி அட்டைப்பெட்டி. அவை படியில் இடித்துக்கொண்டு வருகிற சத்தம் கீழ்மாடியிலேயே அவளுக்குக் கேட்டுவிட்டது.

உள்ளே வந்தவன் அப்படியே நின்றான்.

"டிவி எங்க?"

"டிவியா? ஓடிக்கிட்டிருக்கே, காது கேக்கலையா?"

ஐந்நூற்றிரண்டில் பழைய பாட்டு ஓடிக்கொண்டிருந்தது.

"விளையாடாத குட்டி. யாராவது தூக்கிட்டுப் போயிட்டாங்களா?"

"நான்தான் குடுத்துட்டேன். இடத்தை அடைச்சுக்கிட்டிருந்துது. உக்காரு. சேனல் சொல்லு."

அண்ணன் உட்காரவில்லை. ஆனால் சேனல் சொன்னான். செய்தி என்றான், வந்தது. இன்னொரு செய்தி என்றான், அதுவும் வந்தது. குழந்தைகள் பார்க்கிற கார்ட்டூன் என்றான், ஏதோ ஒரு பூனை கத்தியது. வயலும் உரமும் பற்றிப் பேசுகிற சேனல் ஒன்று இருக்குமே, யாருமே பார்க்காதது என்று மடக்கப் பார்த்தான். இரண்டு ஒன்று எட்டு. மண்புழு பற்றி ஒருவர் விளக்க ஆரம்பித்தார். அவள் விரல் ஒரு தடவை கூடத் தேடவில்லை. கடைசியில் மேட்ச் என்றான். மேட்ச் வந்தது. ஸ்பீக்கரிலிருந்து கூட்டம் கத்தியது. அண்ணன் சட்டென்று தலையைத் திருப்பிப் பார்த்தான். டிவி இருந்த மேசையில் பிரெயில் மெஷின்தான் இருந்தது.

"இதெல்லாம் ஒத்துக்க முடியாது" என்றான். "டிவின்னா படம் வேணும்."

"நாம பேசினது பெட்டியை ஓட்டணும்னு. படம்னு ஒரு வார்த்தை வந்துதா?"

"வரலைங்க" என்றாள் அண்ணி. "நான் பக்கத்துலதானே உக்காந்திருந்தேன்."

அண்ணன் அவளை முறைத்திருக்க வேண்டும். அண்ணி தொண்டையைக் கனைத்துக்கொண்டாள், ஆனால் சொன்னதைத் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை.

"சரி, இது ஆச்சு" என்றான் அண்ணன். குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. "நாளைக்கு லிஃப்டும் அடுப்பும் இப்படி ஆயிட்டா என்ன பண்ணுவ?"

"அதுகூடவும் மல்லுக்கட்டுவேன். நீ மட்டும் என்ன, புது மெஷின் வந்தப்போ பட்டறையை மூடிட்டு எங்க வீட்டுக்கா வந்தே? நாலு விரல்ல கட்டுப் போட்டுக்கிட்டுக் கத்துக்கல?" அவள் எழுந்து நின்றாள். "உன் வீட்டுக்கு வருவேன்ணா. சாப்பிட வருவேன், பேச வருவேன், ரெண்டு நாள் தங்கவும் வருவேன். சாமானோட வர மாட்டேன். கையைப் பிடிச்சு பாத்ரூமுக்குக் கூட்டிட்டுப் போற இடத்துல என்னால இருக்க முடியாது. எனக்கு அது சாவு மாதிரி இருக்கு. உனக்கு வருத்தமா இருந்தாலும் சரி, சொல்லிட்டேன்."

மேட்ச் மட்டும் ஓடியது. பிறகு அண்ணன் அட்டைப்பெட்டிகளை ஒன்றுக்குள் ஒன்றாகப் போட்டு, காலால் கதவோரம் தள்ளினான். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

"அந்த ரூமை வேற எதுக்காவது வச்சுக்கறேன்" என்றான். "ஆனா ஒண்ணு. ஞாயித்துக்கிழமையானா நாங்க ரெண்டு பேரும் உன்னைப் பாக்க வரோம். வந்தா மூணு மணி நேரம் எதைப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கறது?"

"என்னைப் பாரு."

அண்ணன் சிரித்தான். அண்ணியும் சிரித்தாள். சிரிப்பு அடங்கிய பிறகு அவனுக்குப் பார்ப்பதற்கு வேறு ஒன்றும் இருக்கவில்லை. நாற்காலி அவள் பக்கமாகத் திரும்புகிற சத்தம் கேட்டது. கத்திப் பேசுகிறவன் பேசாமல் இருந்தால் அறை பெரிதாகிவிடுகிறது.

"குட்டி" என்றான், மெதுவாக. "உனக்கு முடியெல்லாம் வெள்ளையாயிடுச்சே. எப்ப இவ்வளவு நரைச்சுது?"

"எனக்கெப்படித் தெரியும்?" என்றாள் அவள். "நீதான் சொல்லியிருக்கணும்."

அவள் ரிமோட்டைத் தடவி எடுத்து மேட்ச்சின் சத்தத்தைக் குறைத்தாள்.